ஆயிரம் லீஃப்லெட்டுக்கு 50 பவுண்ட்: இந்த வேலைக்குப் போகலாமா?

பிரிட்டனுக்கு வந்து கொஞ்ச நாளில் எல்லோர் கண்ணிலும் இந்த விளம்பரம் பட்டுவிடும். வீடு வீடாக லீஃப்லெட் (விளம்பரத் தாள்) போட ஆள் தேவை, அனுபவம் வேண்டாம், உங்களுக்கு வசதியான நேரத்தில் செய்யலாம், ஆயிரத்துக்கு 50 பவுண்ட். லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் வாட்ஸாப் குழுவில் யாராவது ஃபார்வர்ட் செய்திருப்பார்கள். ஆயிரம் தாள்தானே, ஒரு நாள் நடந்தால் ஐம்பது பவுண்ட் கையில் என்று தோன்றும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனம் சொல்கிற விலைக்கு, நிறுவனம் காட்டுகிற ஏரியாவில், இதையே வருமானமாக நம்பிப் போனால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில், கதவுகள் நெருக்கமாக இருக்கிற தெருக்களில், நீங்களே பேசிப் பிடித்த கடைக்காரருக்காகச் செய்தால் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பணத்துக்குப் போகும் முன் ஒரு விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் தடுக்கினால் மற்றதெல்லாம் வீண்.

முதலில் விசா

மாணவர் விசாவில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். டிகிரி அல்லது அதற்கு மேல் படிக்கிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, அந்த அனுமதி சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கு மட்டும்தான், சுயதொழில் கூடாது. விடுமுறையிலும் கூடாது. லீஃப்லெட் நிறுவனங்களோ பெரும்பாலும் யாரையும் ஊழியராக எடுப்பதில்லை. "நீங்கள் செல்ஃப் எம்ப்ளாய்ட், வரியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்குச் சரி என்று சொன்ன நிமிடமே விசா நிபந்தனையை மீறிவிட்டீர்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் போட்டேன், மொத்தமே நாற்பது பவுண்ட்தான் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பணத்தை நண்பன் அக்கவுண்டில் போடச் சொல்வது, கையில் காசாக வாங்குவது, இதெல்லாம் ஓட்டையை அடைப்பதில்லை, பெரிதாக்குகிறது. ஒரு வருடப் படிப்புக்கு வீட்டை அடகு வைத்து வந்திருக்கிறீர்கள், ஐம்பது பவுண்டுக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

அதே லீஃப்லெட் வேலையை ஒரு நிறுவனம் முறையாக ஒப்பந்தம் போட்டு, சம்பளத்திலேயே வரி பிடித்து, பே ஸ்லிப் கொடுத்துத் தருகிறது என்றால் மாணவரும் போகலாம், 20 மணிக்குள். அப்படித் தருகிறவர்கள் குறைவு, ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

படிப்பு முடித்த பிறகு எடுக்கும் கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம். ஸ்கில்டு வொர்க்கர் விசாக்காரரின் மனைவியோ கணவரோ டிபெண்டன்டாக வந்திருந்தால் செய்யலாம். விசாவுக்கு உரியவர் செய்ய முடியாது, ஏனென்றால் அவர் எடுக்கக்கூடிய கூடுதல் வேலைகளுக்கு என்று பட்டியல் இருக்கிறது, லீஃப்லெட் போடுவது அதில் வராது. இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்கள் அனுமதி இல்லாமல் எந்த வேலையும் செய்யக் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து விண்ணப்பித்து அனுமதி வாங்கினாலும் அதில் சுயதொழில் வராது. உங்கள் கேஸைப் பார்க்கிற சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அறையில் கூட இருக்கிறவர் சொன்னார் என்று போகாதீர்கள்.

ஆயிரத்துக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்

ஆயிரத்துக்கு 50 பவுண்ட் என்றால் கதவு ஒன்றுக்கு 5 பென்ஸ். 21 வயது நிரம்பியவர்களுக்கு இங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்ட். 5 பென்ஸில் அதைத் தொட வேண்டுமானால் மணிக்கு 254 கதவு போட வேண்டும், அதாவது 14 வினாடிக்கு ஒன்று. கேட்டைத் திறந்து, உள்ளே நடந்து, லெட்டர்பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தாளை உள்ளே தள்ளி, திரும்பி வந்து, கேட்டைச் சாத்தி, அடுத்த வீட்டுக்குப் போக 14 வினாடி. ஒரு மணி நேரம் இடைவிடாமல். முடிந்தால் நீங்கள் ஒலிம்பிக்குக்குப் போகலாம், லீஃப்லெட்டுக்கு வேண்டாம்.

நடைமுறையில் என்ன வரும்? பழைய விக்டோரியன் டெரஸ் வீடுகள், அதாவது ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள், வாசல் நேராகத் தெருவைப் பார்த்திருக்கும், கேட்டும் சின்னது, அங்கே நல்ல வேகத்தில் மணிக்கு 150 முதல் 180 வரை போகலாம். முன்னால் கார் நிறுத்தும் இடம் விட்ட, இரண்டிரண்டாக ஒட்டிய செமி டிடாச்ட் வீடுகளில் 100, 120. பெரிய தோட்டமும் நீள டிரைவ்வேயும் வைத்த தனி வீடுகள் என்றால் 60 போட்டாலே பெரிய விஷயம். அதே 5 பென்ஸுக்கு முதல் தெருவில் மணிக்கு 9 பவுண்ட், கடைசித் தெருவில் 3 பவுண்ட். அதனால்தான் சொல்கிறேன், ஆயிரத்துக்கு எவ்வளவு என்ற கேள்வியால் ஒன்றும் தெரியாது. எந்தத் தெருக்கள் என்று கேளுங்கள். போஸ்ட்கோடை வாங்கி கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஐந்து நிமிடம் உலாவினால் போதும், மணிக்கு எத்தனை கதவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பணக்கார ஏரியா என்றால் நல்ல ஏரியா என்று நினைத்துவிடாதீர்கள், இந்த வேலையில் பணக்கார ஏரியாதான் பரம ஏழை ஏரியா.

அப்புறம், விளம்பரத்தில் வராத நேரம் ஒன்று இருக்கிறது. தாள் கட்டுகளை எடுக்க நிறுவனத்தின் டிப்போவுக்குப் போவது, தாள் மடிக்க வேண்டியதாக இருந்தால் மடிப்பது, ஏரியாவுக்குப் போய் வருவது, மழைக்கு ஒதுங்கி நிற்பது. நல்ல டெரஸ் தெருவிலேயே ஆயிரம் கதவுக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும், மேற்படி சமாச்சாரங்களுக்கு ஒன்றரை மணி சேர்த்தால் ஏழு. பஸ்ஸுக்குப் போக வர 3.50 கழித்தால் மிச்சம் 46.50. ஏழால் வகுத்தால் மணிக்கு 6.64 பவுண்ட். இது நல்ல ஏரியாவின் கணக்கு. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் இதே கணக்கை உங்கள் எண்களைப் போட்டு ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். காரில் போகிறவர்கள் பெட்ரோலையும் பார்க்கிங்கையும் சேர்க்க மறக்காதீர்கள். பெர்மிட் உள்ளவர்கள் மட்டும் நிறுத்தக்கூடிய தெருவில் ஒரு அபராத டிக்கெட் விழுந்தால் அந்த வாரமே போச்சு.

எடையையும் கணக்கில் எடுங்கள். ஏ5 அளவு, 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) தாள் என்றால் ஒன்று 4 கிராம், ஆயிரம் 4 கிலோ. பரவாயில்லை. டேக் அவே மெனுக்கள் பெரும்பாலும் ஏ4 மடித்தது, அதே தாளில் ஆயிரம் 8 கிலோ. மூன்று நிறுவனங்களின் தாள்களைச் சேர்த்துப் போடச் சொன்னால் எடையும் அதற்கேற்ப ஏறும், தோள்பட்டை ராத்திரி பேசும்.

சேர்த்துப் போடுவது என்று சொன்னேன் இல்லையா, அதை விளக்கிவிடுகிறேன். ஒரே ஒரு வாடிக்கையாளரின் தாளை மட்டும் போடுவது ஒரு வகை, இங்கே அதை சோலஸ் என்பார்கள். மூன்று நான்கு பேருடையதைச் சேர்த்து ஒரே நடையில் போடுவது ஷேர்ட். இரண்டாவதில் ஒவ்வொரு தாளுக்கும் விலை குறைவு, ஆனால் கதவுக்கு வரும் மொத்தம் கூடும். முதல் தாளுக்கு 4 பென்ஸ், அடுத்த இரண்டுக்கும் தலா 2 பென்ஸ் என்றால் கதவுக்கு 8 பென்ஸ், மணிக்கு 150 கதவில் 12 பவுண்ட். நிறுவனத்திடம் வேலை எடுத்தே தீருவேன் என்றால் ஷேர்ட் எடுங்கள். ஆனால் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்குகிற வேலைக்குத் தனியாகக் காசு உண்டா என்று கேட்டுவிடுங்கள், டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம் என்று சொல்லி அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

நிஜமாகவே நீங்கள் சுயதொழிலா?

செல்ஃப் எம்ப்ளாய்ட் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் மட்டும் ஒருவர் சுயதொழில்காரர் ஆகிவிடுவதில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர்கள் சொல்கிறார்கள், ஜிபிஎஸ் கருவி கொடுத்து ஒவ்வொரு தெருவையும் கண்காணிக்கிறார்கள், உங்களுக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியாது, விலையைப் பேச முடியாது என்றால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் வொர்க்கராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வொர்க்கர் என்றால் குறைந்தபட்சக் கூலி உண்டு, சம்பளத்துடன் கூடிய வருடாந்திர விடுப்பும் உண்டு.

எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கிற வேலைக்கும் விதி இருக்கிறது. நிறுவனம் உங்களுக்கு வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சக் கூலி வரும்படி பார்க்க வேண்டும், அல்லது நியாய விலை என்று ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு இப்படி: ஆட்களை வைத்துச் சோதித்து சராசரியாக மணிக்கு எத்தனை போட முடிகிறது என்று பார்ப்பார்கள், அதை 1.2 ஆல் வகுப்பார்கள், வந்த எண்ணால் குறைந்தபட்சக் கூலியை வகுப்பார்கள். சராசரி 150 என்று வையுங்கள். 1.2 ஆல் வகுத்தால் 125. 12.71ஐ 125 ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 10 பென்ஸுக்குக் கொஞ்சம் மேல், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 102 பவுண்ட். 50 பவுண்ட் விளம்பரத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறுவனங்கள் ஏன் செல்ஃப் எம்ப்ளாய்ட் என்ற சொல்லை இவ்வளவு ஆசையாகச் சொல்கின்றன என்று விளங்கும்.

உங்கள் நிலைமை எது என்று சந்தேகம் இருந்தால் வேலை உரிமைகள் பற்றி இலவச ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) என்ற அமைப்பின் உதவித் தொலைபேசியில் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எல்லோரும் சண்டைக்குப் போக மாட்டார்கள், எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்து வைத்துக்கொண்டு குறைந்த விலைக்குப் போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல.

உண்மையிலேயே சுயதொழிலாகத்தான் செய்கிறீர்கள் என்றால் வரி விஷயம் சின்னதுதான். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, சுயதொழில் வரவு எல்லாம் சேர்த்து, செலவு கழிக்காமல், 1,000 பவுண்டுக்குள் என்றால் வரித் துறையான எச்எம்ஆர்சியிடம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் அந்த வரி ஆண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5க்குள் செல்ஃப் அசெஸ்மென்டுக்கு, அதாவது நாமே வரிக் கணக்குக் கொடுக்கும் முறைக்கு, பதிவு செய்ய வேண்டும். வேறு வருமானம் இல்லாமல் மொத்தம் 12,570க்குக் கீழே என்றால் வருமான வரி கட்ட வேண்டி வராது, ஆனாலும் பதிவும் கணக்கும் கட்டாயம். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் வரவைச் சொல்ல வேண்டும், வொர்க் அலவன்ஸ் (ஒரு அளவு வரை சம்பாத்தியத்துக்கு உதவித்தொகையைக் குறைக்காமல் விடும் சலுகை) இல்லாதவர்களுக்குச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் அங்கே குறையும். மேலே போட்ட 6.64ஐ எடுத்து அதில் 55 சதவீதம் கழித்துப் பாருங்கள், மூன்று பவுண்ட் கூட முழுசாகக் கையில் நிற்காது.

அப்படியானால் எப்போதுதான் போகலாம்

இடைத்தரகரை விட்டுவிட்டு நேரே கடைக்காரரிடம் போகும்போது. இதுதான் என் கட்சி. உங்கள் ஏரியாவில் புதிதாகத் திறந்த தோசைக் கடை, பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தரும் டியூஷன் சென்டர், சலூன், கார் கழுவும் இடம், வீட்டுத் தரகர் அலுவலகம், பெயின்டிங் வேலை செய்கிற அண்ணன், இவர்களுக்கெல்லாம் சுற்றுவட்டாரத்து இரண்டாயிரம் வீட்டுக்குத் தாள் போய்ச் சேர்ந்தால் போதும். பெரிய நிறுவனம் இதைவிட அதிக எண்ணிக்கை கேட்கும், ராயல் மெயிலும் இந்த வேலையைச் செய்கிறது ஆனால் போஸ்ட்கோடு பகுதியாகத்தான் எடுக்கும், இந்த ஆறு தெரு மட்டும் என்று கேட்க முடியாது. அந்த ஆறு தெருவை நீங்கள் செய்யலாம். ஆயிரத்துக்கு 80 கேளுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள டெரஸ் தெருவில் மணிக்கு 160 கதவு போட்டால் 12.80. பஸ் இல்லை, டிப்போ இல்லை, காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு வரலாம்.

எப்படிப் பேசுவது என்று கேட்கிறவர்களுக்கு: கூட்டமான நேரத்தில் போகாதீர்கள், சாப்பாட்டுக் கடைக்கு மதியம் மூன்று மணி நல்ல நேரம். முதலாளி யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள், கவுன்டரில் நிற்கிற தம்பியிடம் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் அந்தக் காகிதம் குப்பைக்குத்தான் போகும். போடப் போகிற தெருக்களின் வரைபடத்தை பிரின்ட் எடுத்துக் காட்டுங்கள். முதலில் 500 போட்டுப் பார்ப்போம், பிடித்தால் மிச்சத்தைத் தாருங்கள் என்று சொல்லுங்கள். பாதிக் காசை முன்னால் வாங்குங்கள். நம்ம ஆள்தானே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த அப்புறம் வரவே வராது, "கணக்கில் வைத்துக்கொள், சாப்பிட்டுக் கழித்துக்கொள்" என்று பிரியாணியில் முடியும். பிரியாணி நன்றாகத்தான் இருக்கும், வாடகைக்கு ஆகாது.

தாளில் ஒரு குறியீட்டு எண் அச்சடிக்கச் சொல்லுங்கள், "இந்தத் தாளைக் கொண்டு வந்தால் 10 சதவீதம் குறைவு" என்ற மாதிரி. எத்தனை பேர் கொண்டு வந்தார்கள் என்று கடைக்காரர் எண்ணிப் பார்க்கலாம், அடுத்த முறை உங்களுக்கு வேலை வருவது அதை வைத்துத்தான். ஒருவருக்குப் போடும்போதே அவருக்குப் போட்டி இல்லாத இன்னொருவர் தாளையும் சேர்த்துப் போட இருவரிடமும் சொல்லிவிட்டுச் செய்தால் கதவுக்கு வரும் காசு கூடும். சொல்லாமல் செய்யாதீர்கள், ஒரே தெருவில் இருக்கிறவர்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

வேலை செய்யும் விதம்

ஒரு தட்டையான மரக்கரண்டி வாங்குங்கள், ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும். இதுதான் இந்த வேலையின் முக்கியமான கருவி. லெட்டர்பாக்ஸுக்கு உள்பக்கம் குளிர் வராமலிருக்க பிரஷ் வைத்திருப்பார்கள், மெல்லிய தாள் அதில் மாட்டி கசங்கி நிற்கும்; கரண்டியில் தாளை மடித்து வைத்துத் தள்ளினால் ஒரே தள்ளில் போய்விடும். அதைவிட முக்கியம், உங்கள் விரல் உள்ளே போகாது. கதவுக்குப் பின்னால் சத்தமே போடாமல் காத்திருக்கிற நாய்கள் உண்டு. குரைக்கிற நாயைப் பற்றிக் கவலை இல்லை, குரைக்காததுதான் ஆபத்து. லெட்டர்பாக்ஸ் வழியாக நாய் கடித்தால் சொந்தக்காரர் வீட்டில் இல்லாவிட்டாலும் அவர்தான் பொறுப்பு என்று ராயல் மெயில் தொடர்ந்த வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான், ஆனால் விரல் உங்களுடையது. கடித்தால் உடனே கழுவிவிட்டு உங்கள் ஜிபி டாக்டரிடமோ, 111 என்ற என்எச்எஸ் எண்ணுக்கோ சொல்லுங்கள். செல்ஃப் எம்ப்ளாய்டுக்கு மருத்துவ லீவுச் சம்பளம் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பாதி தாள் வெளியே தொங்கும்படி விட்டுவிட்டு ஓடாதீர்கள். வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்குக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும், மழையில் நனைந்து பெயின்டில் ஒட்டும், அடுத்த நாள் புகார் வரும். கேட் சாத்தியிருந்தால் சாத்திவிட்டு வாருங்கள், திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள். பக்கத்து வீட்டுக்குப் போக புல்தரையைக் குறுக்கே மிதிக்காதீர்கள், வினாடி மிச்சம் ஆகும், ஆனால் ஜன்னலில் ஒரு பாட்டி பார்த்துக்கொண்டிருப்பார். ஜங்க் மெயில் வேண்டாம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் போடாதீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், அந்த வீட்டுக்காரர் எப்படியும் தோசை வாங்க வரப்போவதில்லை, கடைக்கு போன் போட்டுத் திட்டத்தான் போகிறார்.

இங்கே பெரும்பாலான தெருக்களில் ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் எதிர்ப்பக்கம். கார் ஓடுகிற தெருவென்றால் ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள், முட்டுச்சந்து மாதிரி சின்ன தெருவென்றால் குறுக்கும் நெடுக்குமாகப் போகலாம். ஒரே கதவுக்குப் பின்னால் மூன்று ஃபிளாட் இருந்தால் அழைப்பு மணிகளை எண்ணினால் தெரியும், மூன்று தாள் போடுங்கள். படி இறங்கிப் போகும் பேஸ்மென்ட் ஃபிளாட்டுகளைப் பலர் விட்டுவிடுவார்கள், தாள் வந்ததா என்று சோதிக்க நிறுவனம் அனுப்புகிறவர்கள் அங்கேதான் முதலில் கேட்பார்கள்.

பெரிய ஃபிளாட் கட்டடங்கள் தங்கச் சுரங்கம், உள்ளே போக முடிந்தால். கீழே வரிசையாக அறுபது பெட்டி இருக்கும், ஐந்து நிமிட வேலை. வெளிக்கதவில் டிரேட்ஸ் என்று, தபால்காரர் போன்றவர்கள் உள்ளே வர ஒரு பொத்தான் இருக்கும், பல கட்டடங்களில் அது காலையில் சில மணி நேரம்தான் வேலை செய்யும், அதனால் ஃபிளாட்டுகளைக் காலையில் முடித்துவிட்டுத் தெருக்களுக்குப் போங்கள். யாராவது கதவைத் திறக்கும்போது ஒட்டிக்கொண்டு நுழைவது எனக்குப் பிடிக்காது, நம்மைப் போன்ற முகங்களுக்கு அதில் தேவையில்லாத கேள்விகள் வரும். ஒரு அடையாள அட்டையோ குறைந்தபட்சம் கடையின் பெயர் போட்ட டிஷர்ட்டோ இருந்தால் நல்லது.

நேரம்: டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், காலை எட்டுக்குத்தான் வெளிச்சம். இருட்டில் அடுத்தவர் வாசலுக்குப் போகாதீர்கள், படி தடுக்கும், ஆட்களும் பயப்படுவார்கள். மழை லேசாகத் தூறினால் போடலாம், தாளை பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு. பலமாக அடித்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள், நனைந்த தாளைப் போட்டால் அதற்குக் காசு கேட்க வாய் வராது. விரல் நுனி திறந்த கையுறை, ஊறாத ஷூ, பவர் பேங்க், ஒரு தண்ணீர் பாட்டில். கட்டுகளைப் பிடிக்க ரப்பர் பேண்ட் வாங்க வேண்டாம், தபால்காரர்கள் கீழே விட்டுப் போகிற சிவப்பு ரப்பர் பேண்டுகள் நடைபாதையில் நிறையக் கிடக்கும்.

மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள். அலுத்துப் போய் ஒரு கட்டை ரீசைக்ளிங் தொட்டியில் தள்ளிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். வாங்கிய காசுக்கு அது ஏமாற்று. தெரு ஓரத்திலோ புதரிலோ போட்டால் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் கூட. தாளில் கடையின் பெயரும் போன் நம்பரும் அச்சடித்திருக்கிறது, கண்டெடுக்கிறவர் அங்கேதான் கூப்பிடுவார். முடியவில்லை என்றால் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து போட்டதற்கு மட்டும் காசு வாங்குங்கள்.

காசு வாங்குவது

நிறுவனத்திடம் வேலை செய்தால் பிரச்சினை போடுவதில் இல்லை, வாங்குவதில். ஜிபிஎஸ் கருவிக்கு டெபாசிட் கட்டு, பயிற்சிக்குக் கட்டணம் கட்டு, பைக்குக் காசு கட்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி ஆளிடம் கட்டணம் வாங்குவதை 1973லிருந்தே இங்கே சட்டம் தடுக்கிறது. இன்னொன்று, போட்டு முடித்த பிறகு சரிபார்த்துவிட்டு நாலு வாரம் கழித்துத் தருவோம் என்பார்கள், நாலாவது வாரத்தில் ஒரு வீட்டில் கிடைக்கவில்லையாம் என்று சொல்லி மொத்தத்தையும் பிடிப்பார்கள். அதனால் ஒரு தெருவை ஆரம்பிக்கும்போது தெருப் பெயர்ப் பலகையை ஒரு போட்டோ, முடிக்கும்போது ஒரு போட்டோ. நடைபயிற்சி ஆப் ஒன்றை ஓடவிட்டால் நீங்கள் போன பாதை நேரத்தோடு வரைபடமாகப் பதிவாகும், அவர்கள் ஜிபிஎஸ் வேறு கதை சொன்னால் காட்ட உங்களிடமும் ஒன்று இருக்கும். பேசியதை வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள்: எத்தனை, எந்தத் தெரு, என்ன விலை, எந்தத் தேதிக்குள் பணம். போனில் பேசியதோடு விடாதீர்கள். முதல் தடவை ஆயிரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம், அதற்குக் காசு வந்த பிறகு அடுத்தது.

தெருவில் நின்று கையில் கொடுக்கும் வேலை இதே விளம்பரங்களில் வரும், மணிக் கூலியாக. சில சமயம் இது மேல். ஆனால் பல கவுன்சில்கள் சில கடைத்தெருக்களில் அனுமதி இல்லாமல் விளம்பரத் தாள் கொடுக்கக் கூடாது என்று அறிவித்திருக்கின்றன, மீறினால் தாள் கொடுக்கிற ஆளுக்கும் அபராதம் விழும். லெட்டர்பாக்ஸில் போடுவதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அனுமதி வாங்கியிருக்கிறீர்களா, எனக்கு பேட்ஜ் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் நிற்காதீர்கள்.

பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துப் போகிற குடும்பங்களையும் பார்க்கிறேன். இங்கிலாந்தில் 13 வயதிலிருந்து இது மாதிரி வேலை செய்யலாம், ஆனால் வேலை தருகிறவர் கவுன்சிலில் பெர்மிட் வாங்க வேண்டும், காலை 7க்கு முன்பும் மாலை 7க்குப் பின்பும் கூடாது, பள்ளி நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இரண்டு மணி நேரம்தான். பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது, அதனால் பதினான்கு வயதுப் பையனுக்கு மணிக்கு ஐந்து பவுண்ட் கிடைத்தால் அவனுக்கு அது லாபம்தான், அப்பாவுக்கு அதே ஐந்து பவுண்ட் நஷ்டம்.

வேறு வேலை கிடைக்கிற நிலையில் இருக்கிறவர்கள் அதைப் பாருங்கள். சூப்பர்மார்க்கெட் அலமாரி அடுக்குவது, வேர்ஹவுஸ் ஷிஃப்ட், கிறிஸ்துமஸ் சமயத்தில் ராயல் மெயில் எடுக்கிற தற்காலிக ஆட்கள், இவை எல்லாமே சட்டப்படியான கூலி, விடுப்புச் சம்பளம், பே ஸ்லிப். பின்னால் வீடு வாடகைக்கு எடுக்கும்போது ஏஜென்ட் கேட்பது அந்த பே ஸ்லிப்பைத்தான். லீஃப்லெட் காசுக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது.

ஆரம்பித்தாலும் ஒரு மாதத்தில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். வந்த மொத்தக் காசை, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்தது வரையான மொத்த மணி நேரத்தால் வகுங்கள். எட்டு பவுண்டுக்குக் கீழே என்றால் நிறுவனத்திடம் விலை ஏற்றிக் கேளுங்கள் அல்லது கிட்டத்து ஏரியா கேளுங்கள். இரண்டும் மறுத்தால் கையில் இருக்கிற கட்டை முடித்து, மிச்சத் தாளையும் ஜிபிஎஸ் கருவியையும் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு மெசேஜில் ஒப்புதல் வாங்கி, பாக்கி வந்த பிறகு அவர்கள் வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். பாக்கி வரும் முன்னால் வெளியே வராதீர்கள், பழைய மெசேஜ் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.